விளக்கேந்திய கை

திரைப்பட வரலாறு எழுதுவோர் இயக்குநர் டேவிட் கிரிஃபித்தின் பெயரைப் பெரிதாகப் பொறிப்பர். அவரருகே நின்று கேமராவின் கைப்பிடியைச் சுழற்றிய பில்லி பிட்சருக்கு இரண்டு வரிகள் கிடைத்தால் அதிகம். 1872இல் பாஸ்டனின் ராக்ஸ்பரியில் பிறந்த பிட்சர், வெள்ளிவேலை பழகியவர். 1908 முதல் பயோகிராஃப் நிறுவனத்தில் கிரிஃபித்தோடு இணைந்து பணியாற்றினார்.

அக்காலப் படங்களில் வெளிச்சம் எங்கும் ஒரே சீராகப் பரவிக் கிடந்தது. 1909இல் வெளிவந்த 'ஒரு குடிகாரனின் மனமாற்றம்' படத்தின் இறுதிக் காட்சியில், கணப்படுப்பின் தீயொளி மட்டுமே அக்குடும்பத்தின் முகங்களில் விழுகிறது. மதுவிலக்குப் போதனையாக அப்படம் சாதாரணமானதே. (நம் மறையுரைகளிலும் பல அப்படித்தான்!) ஆயினும் அந்த ஒளி சொற்கள் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது.

1915இல் வந்தது 'ஒரு தேசத்தின் பிறப்பு'. திரையின் மூலையில் சிறு வட்டம். அதனுள் பிள்ளைகளை அணைத்து அழும் ஒரு தாய். வட்டம் விரிய, கீழே பள்ளத்தாக்கில் படை அணிவகுத்துச் செல்கிறது. போரின் கொடுமையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய கலைஞர் அரியர். அதே கண்தான், அதே படத்தில், வெள்ளுடை தரித்த கூ கிளக்ஸ் கிளான் குதிரைவீரர்களை மீட்பர்களாகக் காட்டியது. கறுப்பின மக்களை, முகத்தில் கரி பூசிய வெள்ளையரைக் கொண்டு, விலங்குகளாகச் சித்திரித்தது. மறைந்துபோயிருந்த அவ்வியக்கம் அவ்வாண்டின் இறுதியிலேயே ஜார்ஜியாவின் ஸ்டோன் மலையில் மீண்டும் உயிர்பெற்றது. அதன் பின்னர் உறுப்பினர் சேர்க்க இப்படத்தையே பயன்படுத்திக்கொண்டது.

"இயக்குநர் சொன்னார், தொழிலாளி செய்தார்" என்று பிட்சரை விடுவிப்போர் உண்டு. பிறர் செய்யும் தீமையில் பங்கேற்பதை அறநெறி இறையியல் இருவகையாகப் பகுக்கிறது: மனமொப்பி உடன்படுதல் ஒன்று, மனமொப்பாமல் வேலையால் மட்டும் துணைபோதல் மற்றொன்று. பிட்சர் இரண்டாம் வகையினர் எனக் கூற எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் தம் சொந்தச் சேமிப்பையும் அப்படத்தில் முதலீடு செய்திருந்தார். கூலிக்குச் சுழன்ற கை என்று அதை எவ்வாறு சொல்வது?

மறு ஆண்டு வந்த 'சகிப்பின்மை' படத்தில் கானாவூர்த் திருமணத்தையும் கல்வாரியையும் அவரே பதிவுசெய்தார். சிலர் அதைப் பரிகாரம் என்பர். எனக்கு உடன்பாடில்லை. தம்மைக் கண்டித்தோரையே சகிப்பற்றவர்கள் எனக் கிரிஃபித் சாடிய படம் அது. மன்னிப்புக் கேட்ட படமன்று.

1920களில் பிட்சர் மெல்ல ஒதுக்கப்பட்டார், 1944இல் மறைந்தார். மலைமேல் அழுத அந்தத் தாயை நான் மறக்கவில்லை. கிளான் வீரர்களின் குதிரைகளுக்கு அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்கிய கறுப்பினத் தாய்மாரும் இருந்தனர். அவர்களுக்காக அந்த வட்டம் ஒருமுறைகூட விரியவில்லை.