ஆங்கில இலக்கியத்தில் மறுமலர்ச்சி: பொருளும் தன்மைகளும்

ஆங்கில இலக்கிய வரலாற்றில் ஏறத்தாழ 1500 முதல் 1660 வரையிலான காலம் மறுமலர்ச்சிக் காலம் எனப்படுகிறது. கிரேக்க, இலத்தீன் நூல்களைப் புதிதாகக் கற்றல், மனிதனை மையமாக வைத்துச் சிந்தித்தல், தாய்மொழியில் உயர்ந்த இலக்கியம் படைத்தல் ஆகியவை இதன் அடிப்படைகள்.

சொல்லும் பொருளும்

'ரெனசான்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மறுபிறப்பு என்பது நேர்ப்பொருள். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மிஷலே 1855இலும், சுவிட்சர்லாந்து அறிஞர் பர்க்ஹார்ட் 1860இலும் வெளியிட்ட நூல்களின் வழியாகவே இச்சொல் ஒரு காலகட்டத்தின் பெயராக நிலைபெற்றது. ஸ்பென்சரும் ஷேக்ஸ்பியரும் தம் காலத்தை இப்பெயரால் அறிந்திருக்கவில்லை.

மறுபிறப்பு என்றால் முன்பிருந்தது இறந்துவிட்டது என்றாகிறது. தமிழில் வழங்கும் 'மறுமலர்ச்சி' என்ற சொல்லில் செடி பழையது, பூ மட்டுமே புதியது. இங்கிலாந்தில் நிகழ்ந்ததற்கு இச்சொல்லே கூடுதலாகப் பொருந்துகிறது. அங்கு இடைக்காலம் அழிந்துபோகவில்லை. புதிய சிந்தனைக்கு அதுவே வேராக இருந்தது.

பின்னணி

இத்தாலியில் 14ஆம் நூற்றாண்டில் பெட்ரார்க் காலத்திலேயே தொடங்கிய இவ்வியக்கம் இங்கிலாந்தை வந்தடைய நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். 1499இல் எராஸ்மஸ் முதன்முறையாக இங்கிலாந்து வந்தார். அவருடைய நண்பர் தாமஸ் மோர் எழுதிய 'யுட்டோப்பியா' 1516இல் வெளியானது. ஆங்கிலேயர் ஒருவரின் புகழ்பெற்ற அந்நூல் இலத்தீனில் எழுதப்பட்டது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1551இல்தான் வந்தது. அறிஞர்களுக்கான மொழி இலத்தீனே என்ற எண்ணம் அன்று எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

தன்மைகள்

1. மானுடவியம்: இதை மனிதநேயம் என்று மட்டும் கொள்வது பிழை. இலக்கணம், சொல்லாட்சி, கவிதை, வரலாறு, அறவியல் ஆகியவற்றைப் பண்டைய நூல்களின் வழி கற்கும் கல்விமுறையையே அது முதலில் குறித்தது. மனிதனைக் கல்வியால் உருவாக்க முடியும் என்பது அதன் நம்பிக்கை.

2. தாய்மொழியின் எழுச்சி: வயட், சர்ரே ஆகியோர் இத்தாலியின் சானட் வடிவத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தனர். சர்ரே வர்ஜிலை மொழிபெயர்த்தபோது எதுகையற்ற யாப்பைக் கையாண்டார். அந்த யாப்பே பின்னர் நாடகத்தின் உயிரானது. தாமஸ் நார்த் 1579இல் வெளியிட்ட புளூட்டார்க் மொழிபெயர்ப்பு, ஷேக்ஸ்பியரின் ரோமானிய நாடகங்களுக்கு மூலமாயிற்று. இக்காலத்தின் மொழிபெயர்ப்புகள் வெறும் இறக்குமதிகள் அல்ல. அவற்றைச் செய்யும்போதே ஆங்கிலம் தன் ஆற்றலை அறிந்துகொண்டது.

3. சமயச் சீர்திருத்தம்: வில்லியம் டிண்டேல் கிரேக்க மூலத்திலிருந்து மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1526இல் அச்சாயிற்று. 1611இல் வெளியான மன்னர் ஜேம்ஸ் விவிலியத்தின் நடை அவருக்குப் பெரிதும் கடன்பட்டது.

4. தனிமனித உணர்வு: 'ஹாம்லெட்' நாடகத்தின் தனிமொழிகளில் ஒரு மனம் தன்னையே விசாரிக்கிறது. பழிவாங்கும் கதை பழையது; தயங்கி நின்று சிந்திக்கும் அந்த மனமே புதியது.

5. அறிவுத் தேடல்: பிரான்சிஸ் பேக்கனின் கட்டுரைகள் 1597இலும், 'நோவம் ஆர்கனம்' 1620இலும் வெளியாயின. முன்னோர் கூற்றை அப்படியே ஏற்காமல், கூர்ந்து நோக்கி அறியும் முறையை அவர் வலியுறுத்தினார்.

ஃபாஸ்டஸ்: ஒரு சான்று

இக்காலத்தின் தன்மையை மார்லோவின் 'டாக்டர் ஃபாஸ்டஸ்' தெளிவாகக் காட்டுகிறது. எல்லாக் கல்வியும் கற்று நிறைவடையாத அறிஞன், 24 ஆண்டுகாலப் பேராற்றலுக்காகத் தன் ஆன்மாவைச் சாத்தானுக்கு எழுதிக் கொடுக்கிறான். எல்லையற்ற அறிவு வேட்கை மறுமலர்ச்சிக்கு உரியது. ஆனால் அவன் இருபுறமும் நின்று வாதாடும் நல்ல தேவதையும் தீய தேவதையும் இடைக்கால அறநெறி நாடகங்களிலிருந்து வந்தவர்கள். இறுதியில் அவன் நரகத்துக்கே செல்கிறான்.

பெற்ற ஆற்றலைக் கொண்டு அவன் செய்வனவும் கவனிக்கத்தக்கவை. பேரரசனை மகிழ்விக்க வித்தை காட்டுகிறான். பருவமற்ற காலத்தில் திராட்சை வரவழைக்கிறான். வேட்கை வானளாவியது, செயலோ அற்பமானது. மனிதனின் பெருமையைப் பாடும் காலம் என்று மட்டும் மறுமலர்ச்சியை விளக்குவோர் இந்த இடைவெளியைக் காணத் தவறுகின்றனர்.

எல்லைகள்

இக்காலத்தின் சுதந்திரம் அரசும் திருச்சபையும் வகுத்த எல்லைகளுக்கு உட்பட்டே இருந்தது. திருச்சபைக்கு மன்னரே தலைவர் என்பதை ஏற்காத மோர் 1535இல் கொல்லப்பட்டார். மறு ஆண்டு டிண்டேலும் மரண தண்டனைக்கு உள்ளானார். ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் சீர்திருத்தவாதி. நூல்கள் வழியே கடுமையாக மோதிக்கொண்டவர்கள். இருவரும் புதிய கல்வியின் பிள்ளைகள், இருவரும் மனச்சான்றுக்காக உயிர்நீத்தவர்கள். பெண்களுக்குப் பல்கலைக்கழகமும் பொது நாடக மேடையும் மூடியே இருந்தன. பெண் பாத்திரங்களைச் சிறுவர்களே நடித்தனர்.

மதிப்பீடு

1576இல் ஜேம்ஸ் பர்பேஜ் 'தி தியேட்டர்' என்னும் அரங்கை எழுப்பியதிலிருந்து, 1642இல் நாடாளுமன்றம் அரங்குகளை மூடியது வரை 66 ஆண்டுகளே. ஆங்கில நாடகத்தின் உச்சம் இதற்குள் அடங்கிவிடுகிறது. பண்டைய நூல்களைக் கற்றதனால் மட்டும் அது விளையவில்லை. வர்ஜிலும் செனெகாவும் கற்பித்ததை, ஊர்த் திருவிழாக்களில் சமய நாடகம் பார்த்துப் பழகிய மக்களுக்கு, அவர்களுடைய மொழியிலேயே கொடுத்ததனால் விளைந்தது. மனிதன் எதையும் அடையக்கூடியவன் என்ற நம்பிக்கையும், அடைந்து என்ன செய்யப்போகிறான் என்ற ஐயமும் ஒரே மேடையில் நின்றதே ஆங்கில மறுமலர்ச்சியின் தனித்தன்மை.