காயும்வரை நிற்கும் வரிசை

செவிலிமேட்டு நெசவுத் தெருக்களில் பாவு நூலை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டவர்கள், அது காயும்வரை இழுவையைத் தளர்த்த மாட்டார்கள். தளர்த்தினால் இழை கலைந்துவிடும். செல்லுலோஸ் நானோபடிகங்களை மெல்லிய படலத்தில் வரிசைப்படுத்தும் முறைகளையும், காயும்வரை வரிசை நிற்கிறதா என்ற இந்த அளவுகோலால்தான் எடைபோட வேண்டும்.

பஞ்சையோ மரக்கூழையோ 64 சதவீதக் கந்தக அமிலத்தில் இளஞ்சூட்டில் வைத்தால் ஒழுங்கற்ற பகுதிகள் கரைந்து, பெரும்பாலும் 100 முதல் 300 நானோமீட்டர் நீளமுள்ள ஊசி வடிவ நானோபடிகங்கள் மிஞ்சும். இந்த ஊசிகள் மிதக்கும் நீர்க்கலவையைத் தகடு கொண்டு இழுத்துப் பூசினால் ஊசிகள் இழுத்த திசைக்குத் திரும்பும். மலிவான, பெரிய பரப்புக்கும் ஏற்ற வழி. ஆனால் தகடு நகர்ந்ததும், ஈரம் இருக்கும்வரை வெப்ப அசைவு அந்த வரிசையைக் குலைத்துக்கொண்டே இருக்கும். களி போலக் கெட்டியாகப் பூசினால்தான் நிற்கும்.

காந்தப்புலத்தால் ஊசிகளை வரிசைப்படுத்துவது பற்றிய உற்சாகம் எனக்கு மிகையாகவே படுகிறது. செல்லுலோஸ் ஊசிகள் புலத்துக்குக் குறுக்காகவே நிற்கும். அப்படி நிற்க ஒரு தளம் முழுவதும் இடம் இருப்பதால், அசையாத காந்தம் மட்டும் ஒரே திசையைத் தராது. தனி ஊசிகளைத் திருப்பப் பல டெஸ்லா வலிமையும் வேண்டும்.

நிறம்தான் நோக்கம் என்றால் கணக்கே வேறு. ஊசிகள் தாமாகவே திருகுபோல அடுக்கிக்கொள்வதை 1992இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் டெரிக் கிரே குழு காட்டியது. மெதுவாகக் காயவிட்டால் அந்தத் திருகு இறுகி, சாயமே இல்லாமல் நிற ஒளியைப் பிரதிபலிக்கும். இங்கே ஊசிகளை ஒரே திசைக்கு இழுப்பது நிறத்தையே கெடுக்கும். 2022இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இத்தகைய படலத்தைச் சுருள் இயந்திரத்தில் மீட்டர் கணக்கில் வார்த்து, மினுக்குத்தூளாகவும் அரைத்துக் காட்டினார்கள். பிளாஸ்டிக் மினுக்குத்தூளுக்கு இது நல்ல மாற்று.

அப்படியானால் புடவையின் பாலியஸ்டர் ஜரிகைக்கும் இது மாற்றாகுமா? ஆகாது. வெறும் நானோபடிகப் படலம் மடித்தால் நொறுங்கும். ஈரம் பட்டால் உப்பி நிறம் மாறும். மடித்து அடுக்கப்படும் புடவைக்கு இது உதவாது.

ஊசிகளை ஒரே திசையில் வரிசைப்படுத்தியதாகச் சொல்லும் இனி வரும் ஆய்வுகளிடம் ஒன்று கேட்போம்: ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த முனைவாக்கிகளுக்கு (polarizers) இடையே பளிச்சிடும் ஒரு படம் போதாது. படலத்தைச் சுழற்றும்போது 90 பாகைக்கு ஒருமுறை முழுப் பரப்பும் ஒன்றாக இருள்கிறதா என்று காட்டுங்கள்.