இரு இரமணிகள்: வளர்ச்சி உளவியலின் பயனும் எல்லையும்

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரொன்றை இறையியல் மாணாக்கர் ஆராய்வது தகுமோ எனச் சிலர் வினவலாம். இல்லறத்தைக் குறித்து நம் சபையார் கொண்டுள்ள எண்ணங்களை உருவாக்குவதில் அருளுரைக்கு மட்டுமன்றி இத்தகைய தொடர்களுக்கும் பங்குண்டு. ஆகவே இம்முயற்சி தகுவதே.

நாகா இயக்கி 1998இல் ஒளிபரப்பான ‘ரமணி வெர்சஸ் ரமணி’ தமிழில் பலரும் நினைவிற் கொண்டுள்ள தொடர். கணவன் மனைவி இருவர்க்கும் ஒரே பெயர். அற்பக் காரியம் பூசலாக வளர்வதும், பூசல் நகைப்பில் முடிவதுமே கதை. நம் குடும்பங்களிற் பல மனைவியர் கணவன் பெயரை வாய்விட்டுக் கூறார். இங்கோ மனைவி தன் பெயரைக் கூறினாலே கணவன் பெயரைக் கூறியவளாகிறாள். யார் பெயருக்குள் யார் அடங்குவது என்னும் வினா நகைச்சுவையின் அடியில் கிடக்கிறது.

எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட நூலில் மானிட வாழ்வை எட்டுப் பருவங்களாக வகுத்தார். ஒவ்வொரு பருவத்தையும் அவர் ஒரு முரணாகவே பெயரிட்டது கருதத்தக்கது. ஐந்தாவது, தன்னடையாளமும் குழப்பமும். ஆறாவது, நெருக்கமும் தனிமையும். ஏழாவது, அடுத்த தலைமுறையைப் பேணுதலும் தேக்கமும். ஒரு பக்கம் மற்றதை அடியோடு ஒழிப்பதன்று வளர்ச்சி; இரண்டும் மோதுகையில் நல்லது மேலோங்குவதே வளர்ச்சி. தொடரின் தலைப்பிலுள்ள ‘வெர்சஸ்’ என்னும் சொல்லும் இப்பொருளையே தருகிறது. இரமணிகளில் ஒருவர் முற்றாக வென்றுவிட்டால் இல்லறமும் இல்லை, கதையும் இல்லை. இம்மட்டும் எரிக்சன் நமக்குத் துணையாகிறார்.

ஆயினும் இப்பொருத்தத்திற்கு எல்லையுண்டு. முதலாவது, நகைச்சுவைப் பாத்திரம் வளர்வதில்லை. அடுத்த வாரமும் பழைய பிழையையே செய்தால்தான் நாம் நகைப்போம். அதனை உளவியற் குறையெனக் கொள்வது கலையின் இயல்பை அறியாமையாகும். 2022இல் இணையவழி வெளிவந்த மூன்றாம் பகுதியில் இத்தம்பதியர் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்களாய்த் தோன்றினர். பருவம் மாறிற்று, பூசல் மாறவில்லை.

இரண்டாவது எல்லை இதனினும் பெரிது. தன்னடையாளம் உறுதிப்பட்ட பின்னரே நெருக்கம் கூடும் என்பது எரிக்சனின் வரிசை. பெரியோர் நிச்சயித்த மணத்தில் இவ்விரண்டும் ஒருங்கே தொடங்குவதுண்டு. எரிக்சனோடு பணியாற்றிய சுதிர் கக்கர், இந்தியரின் அகவுலகு குடும்ப உறவுகளின் நடுவே உருவாவதை 1978இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆகவே உறவோடு பின்னிய அடையாளத்தை முதிராத அடையாளம் எனல் பொருந்தாது.

இதனை யான் நூலில் மட்டும் கற்கவில்லை. பெரியபட்டினத்திற்கு அருகே ஒரு மீனவக் குடும்பத்தைச் சந்திக்கச் சென்றபோது, கணவனும் மனைவியும் உரத்த வாக்குவாதத்தில் இருந்தனர். ‘முதிர்ச்சியற்ற தம்பதியர்’ என என் குறிப்பேட்டில் எழுதினேன். பின்னர் அவ்வம்மையாரிடம் இதைப்பற்றிக் கேட்டேன். “அவரு கடல்ல கெடக்கையிலே யாரோட ஐயா சண்டை போடுறது? சண்டை போட ஆளு வந்திருக்கே, அதுவே போதும்” என்றார். யான் தனிமை எனக் கண்டது நெருக்கமாயிருந்தது. குறிப்பை அடித்துவிட்டேன்.

ஜேம்ஸ் ஃபௌலர் 1981இல் விசுவாசத்திற்கும் படிநிலைகளை வகுத்தார். அவற்றைக் கற்கும் மாணாக்கர் சபையாரைப் படிகளில் நிறுத்தி எண்ணத் தொடங்கும் இடர் உண்டு. படிநிலைகள் நம் செவியைக் கூர்மையாக்க வேண்டுமேயன்றி, செவிகொடுத்தலுக்கு ஈடாகக் கூடா.

குழந்தைப் பருவம் கடந்து முதிர்தலைப் பவுலடியார் கொரிந்தியர்க்கு எழுதியது அன்பைக் குறித்த அதிகாரத்திலேயே என்பது சிந்திக்கத்தக்கது. எரிக்சனும் ஆறாம் பருவத்தில் பிறக்கும் ஆற்றலுக்கு அன்பு என்றே பெயரிட்டார். வளர்ச்சியை அளக்கப் புகும் ஆயர், முதலில் அவ்வன்பு அவ்வீட்டில் எம்மொழியில் பேசுகிறது என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.