மிஸ்டர் என்கிற ஒரு சொல்

ரிச்சர்ட் ரைட்டின் ‘ப்ளாக் பாய்’ (1945) தன்வரலாற்றில் எல்லோரும் சிலாகிக்கிற இடம் மெம்ஃபிஸ் நூலகம்தான். அங்கே கறுப்பர்களுக்குப் புத்தகம் தரமாட்டார்கள். கூட வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவரின் அட்டையை இரவல் வாங்கி, அவரே எழுதியது மாதிரி ஒரு சீட்டும் எழுதிக்கொண்டு போய் மென்கனின் புத்தகங்களை எடுத்துவருகிறான் பையன். வாசிப்பு மனிதனைக் கரைசேர்க்கும் என்று நம்புகிற நம்மை மாதிரி ஆட்களுக்கு ரொம்பவே பிடித்துப்போகிற கதை. அதனாலேயே எனக்கு அதில் முழுசாக மனம் ஒட்டவில்லை.

என்னைப் படுத்தி எடுத்த பக்கங்கள் அதற்கு முன்னாலேயே வந்துவிடுகின்றன. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் ஒரு மூக்குக்கண்ணாடி கம்பெனி. முதலாளி வடக்கத்திக்காரர், பையனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பீஸ், ரெனால்ட்ஸ் என்ற இரண்டு வெள்ளைத் தொழிலாளர்களுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்: பீஸை நீ ‘மிஸ்டர்’ போடாமல் வெறும் பெயரால் சொன்னாயாமே? ஆமாம் என்றால் ஒரு வெள்ளைக்காரரை அவமதித்த குற்றம். இல்லை என்றால், சொன்னதாகச் சாதிக்கும் ரெனால்ட்ஸைப் பொய்யன் என்று சொன்ன குற்றம். ஒருவர் கையில் இரும்புக் கம்பி, இன்னொருவர் கை சட்டைக் காலரில். ஞாபகமில்லை என்று மழுப்பிப் பார்க்கிறான், அதற்கும் அடி விழுகிறது. வேலையை விட்டுப் போகிறேன் என்று சொல்லித்தான் தப்பிக்கிறான். முதலாளி நல்ல மனுஷன்தான், யார் செய்தது என்று கேட்கிறார். அவனுக்கு வாய் திறக்கவில்லை.

தமிழில் மரியாதையை ‘வந்தான்’, ‘வந்தார்’ என்று வினைமுற்றே சுமந்துவிடும். இங்கே மொத்த வன்முறையும் ஒரே சொல்லில் தொங்குகிறது. அந்தச் சொல்லை அவன் விட்டானா என்பதுகூட அங்கே யாருக்கும் முக்கியமில்லை.

இதோடு சேர்த்துப் படிக்கவேண்டிய சம்பவம் ஒன்று சிகாகோவில் நடக்கிறது. அங்கே ஹாஃப்மன் என்ற யூதத் தம்பதியின் கடையில் ரைட் வேலை பார்க்கிறார். தபால் துறைப் பரீட்சைக்கு லீவு வேண்டும். கேட்டாலே கொடுத்திருப்பார்கள். ஆனால் அப்படியொரு வெள்ளைக்காரர் இருக்கமுடியும் என்று அவரால் நம்பமுடியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டு வந்து, அம்மா செத்துப்போய்விட்டாள் என்று புளுகுகிறார். அந்த அம்மாளுக்குப் பொய் என்று தெரிகிறது. கோபப்படாமல் பேசுகிறார், ரைட்டுக்கோ கூசிப்போகிறது, வேலையை விட்டுவிடுகிறார். ஜாக்சனில் உண்மை சொன்னாலும் அடி, பொய் சொன்னாலும் அடி என்று படித்த பாடம், அடிக்க ஆளே இல்லாத ஊரிலும் உடம்போடு வந்திருக்கிறது. இனவெறி எழுத்துகளில் அடியும் வசவும் நிறைய படித்திருக்கிறோம். அடிபட்டவன் அன்பைக்கூட அடையாளம் கண்டுகொள்ள முடியாமல் போவதை இவ்வளவு கூச்சமில்லாமல் எழுதியவர்கள் குறைவு.

கொடுமை என்னவென்றால், 1945இல் வாங்கியவர்களுக்கு இந்தப் பகுதியே கிடைக்கவில்லை. ‘புக் ஆஃப் தி மந்த்’ கிளப் கேட்டுக்கொண்டதால் சிகாகோ பகுதியை முழுசாக எடுத்துவிட்டு, வடக்கே ரயிலேறுவதோடு புத்தகத்தை முடித்துக்கொண்டார் ரைட். விற்பனைக்கு அது உதவியிருக்கும்தான். ஆனால் பாவமெல்லாம் தெற்கின் தலையில் விழுந்தது, வடக்கு வாசகர் நிம்மதியாக மூடிவைக்கலாம். வெட்டியது 1977இல், அவர் இறந்து 17 வருஷம் கழித்து, ‘அமெரிக்கன் ஹங்கர்’ என்று தனியாக வந்தது. இரண்டும் ஒரே நூலாகச் சேர்ந்தது 1991இல்தான்.

குறைகளும் உண்டு. தன் சொந்த மக்களை ரைட் பல இடங்களில் வறண்ட கூட்டமாகவே பார்க்கிறார். பாட்டியின் வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம்கூடவா கேட்டிருக்காது? டு பாய்ஸ் அப்போதே இந்தப் பார்வையோடு மல்லுக்கு நின்றார்.

வாங்குவதென்றால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். 14ஆம் அத்தியாயத்தோடு முடிந்தால் அது பாதிப் புத்தகம். 20 அத்தியாயம் உள்ளதைத் தேடி எடுங்கள்.