சுராங்கனி: கூட்டத்திடம் பந்தைக் கொடுத்த பாட்டு

இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் அதைக் கேளிக்கை என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யை அப்படி முடிக்க எனக்கு மனம் வராது. 1970-களில் கிளம்பிய அந்தப் பாட்டு இன்றைக்கும் யாழ்ப்பாணத் தீவுப்பகுதிக் கலியாண வீடுகளில் களம் இறங்குகிறது, இறங்கும்போதெல்லாம் வெல்கிறது. இத்தனை காலம் தோற்காத ஒரு ஆட்டத்தை அக்கறையோடு அலசித்தான் பார்க்கவேண்டும்.

முதலில் தாளம். எண்ணினால் ஆறு தட்டு, மூன்று மூன்றாகப் பிரியும். நம் கணக்கில் திஸ்ர நடை. போர்த்துக்கேயர் காலத்தில் இலங்கைக்கு வந்து, கரையோர மக்களிடம் கலந்து, பைலாவாக மாறிய நடை இது. 1940-களில் வாலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் அதற்குச் சிங்களப் பாட்டில் நிலையான இடம் பிடித்துக் கொடுத்தார். தமிழுக்கு அதை 60-களின் பிற்பகுதியில் துணிச்சலாகக் கொண்டுவந்தவர் நித்தி கனகரத்தினம். ‘சின்ன மாமியே’ இல்லாமல் ‘சுராங்கனி’க்கு மைதானமே கிடைத்திருக்காது. தமிழ்ப் பொப்பிசையின் முன்னோடி என்ற பட்டம் அவருக்கே உரியது. மனோகரனைப் புகழ்வதற்காக அவரை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் நித்தி கதை சொல்லுகிறவர். அவருடைய பாட்டுக்கு முன்னால் நாம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். மனோகரன் யாரையும் உட்கார விடுவதில்லை. ‘சுராங்கனி’யின் பல்லவியைக் கவனியுங்கள். ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது, அவளுக்கு மீன் கொண்டுவந்திருப்பதாகச் சொல்கிறது. அவ்வளவுதான் சங்கதி. மெட்டு ஏறி இறங்கும் எல்லை மிகக் குறுகியது. குரல் உடைந்த கிழவரும் பாடலாம், பாடசாலைப் பிள்ளையும் பாடலாம். நல்ல நடுக்கள ஆட்டக்காரன் பந்தைத் தன் காலிலேயே வைத்திருக்கமாட்டான், தட்டிவிட்டு இடம் மாறி நிற்பான். மனோகரன் செய்வதும் அதுதான். ஒரு வரியைப் போட்டுவிட்டு ஒதுங்குகிறார், கூட்டம் பிடித்துக்கொள்கிறது. அடுத்த வரியில் குரலை இழுத்தும் நெளித்தும் சிரித்தும் எங்கிருந்தோ திரும்பி வருகிறார். குரல்வளத்தில் அவரைவிடப் பெரிய பாடகர்கள் இருந்தார்கள். மேடையில் கூட்டத்தை அவரளவுக்கு நம்பிய ஒருவரை நான் அறியேன்.

தீவார் இதை உடனே தமதாக்கிக்கொண்டதற்குக் காரணம் தேடித் தூரம் போகவேண்டாம். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவில் ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிச் சொல்வார்கள். கூத்தில் அண்ணாவியாரின் வரியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுத்தலும் வாங்கிப் பாடுதலும் எங்கள் கரையில் காலங்காலமாக இருக்கிற பழக்கம். அதற்கு மேலே கித்தாரும் கொங்கோவும் வந்து சேர்ந்தபோது அந்நியமாக எதுவும் தோன்றவில்லை. போதாததற்குப் பாட்டின் பொருளே மீன்.

அதே மனோகரன் 1978-இல் ‘வாடைக்காற்று’ திரைப்படத்திலும் நடித்தார். செங்கை ஆழியானின் அந்த நாவல் நெடுந்தீவுக் கரையில் வாடி போட்டுத் தொழில் செய்ய வந்த மீனவர்களின் கதை. வெளிநாட்டுச் சாமான்களுக்கும் தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளுக்கும் அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்த 70-களில், உள்ளூர் எழுத்தும் பாட்டும் படமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. இந்தப் பொப்பிசையைத் தனியாகப் பிடுங்கி எடுத்துப் பார்த்தால் அந்தக் காலத்தின் தன்னம்பிக்கை நமக்குப் புரியாமல் போகும்.

வரவேற்பு? இலங்கை வானொலி பாக்குநீரிணையைத் தாண்டிக் கேட்ட காலம் அது. பாட்டும் தாண்டியது. 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் ‘சுராங்கனி’யைப் பாடினார்கள். தமிழ்நாட்டில் இன்று பலருக்கு அது கல்லூரிச் சுற்றுலாப் பஸ்ஸில் பாடுகிற பாட்டு, எந்தக் கரையில் இருந்து வந்ததென்று கேட்பாரில்லை. இளையராஜாவின் பதிப்பில் வாத்தியங்கள் சுத்தமாக ஒலிக்கின்றன. என் காதுக்கு மனோகரனின் குரலில் இருக்கிற கட்டற்ற தன்மைதான் மேல்.

அந்த 1977 ஓகஸ்டில்தான் தெற்கிலும் மலையகத்திலும் தமிழர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். சிங்களத்தையும் தமிழையும் ஒரே மூச்சில் பாடிய பாட்டு இரு சாராரின் வாயிலும் இருந்த அதே ஆண்டில். ஒரு பாட்டால் கலவரம் நிற்காது, அப்படி எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. ஆனாலும் இந்த இரண்டையும் சேர்த்து நினைக்காமல் என்னால் அந்தப் பல்லவியைக் கேட்க முடிவதில்லை.

மனோகரன் சென்னையில் குடியேறி ‘சிலோன் மனோகர்’ என்ற பெயரில் படங்களில் நடித்தார். பெரும்பாலும் வில்லன் வேடம். 2018 ஜனவரி 22-ஆம் திகதி அங்கேயே காலமானார். ஒரு கூட்டத்தையே ஆட்டிவைக்கத் தெரிந்த கலைஞரை அடியாள் வேடத்துக்குள் அடைத்த தமிழ்ச் சினிமா அவரைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பதுதான் என் தீர்ப்பு.

நம் பக்கத்திலும் குறை இருக்கிறது. 1990-க்குப் பிறகு தீவுப்பகுதியில் இருந்து இடம்பெயர்ந்தவர்கள் விட்டுப்போன வீடுகளில் றேடியோக்களும் இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் கிடந்தன. உப்புக்காற்றில் அவை எத்தனை நாள் தாங்கும்? மனோகரன், நித்தி போன்றவர்களின் மேடைப் பதிவுகளும், அவர்களோடு வாசித்த உள்ளூர்க் கோஷ்டிகளின் பதிவுகளும் இன்னும் யார் வீட்டுப் பெட்டியிலாவது இருக்கலாம். வேலணையிலோ புங்குடுதீவிலோ, பாரிஸிலோ டொரன்டோவிலோ அப்படி ஒரு பெட்டி உங்களிடம் இருந்தால் தயவுசெய்து எறியாதீர்கள். நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் எண்ணிமப்படுத்திப் பாதுகாக்கிறது. நாடாவில் பூஞ்சணம் பிடிக்க முன்னர் அவர்களிடம் கொடுங்கள்.