பால்புதுமை வாசிப்பும் பாரதக் கூத்தும்

பழைய மாயக்கதைகளில் சாபத்தால் ஆண் பேடியாகிறான், யட்சன் கொடுத்த வரத்தால் பெண் ஆணாகிறாள், கடவுளே மோகினியாகி வந்து தாலி கட்டிக்கொள்கிறார். இத்தகைய இடங்களைக் கதையின் ஓரத்து வேடிக்கை என்று தாண்டிப் போகாமல், கதையின் முடிச்சே அங்கேதான் விழுகிறது என்று காட்டுவது பால்புதுமை வாசிப்பு. மேற்கில் ஈவ் கொசோஃப்ஸ்கி செட்ஜ்விக் 1985இலும் 1990இலும் எழுதிய நூல்கள் இதற்கு அடித்தளம் இட்டன. டோல்கீனின் ஃப்ரோடோ, சாம் ஆகியோரின் நெருக்கம் அந்த வழியில் பலமுறை ஆராயப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கான களம் இன்னும் பழையது, பெரியது. மொரப்பூர் உள்ளிட்ட தருமபுரி வட்டாரத்தில் அது திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தாக இன்றும் உயிரோடிருக்கிறது.

மூலங்களில் முதலில் வருவது சிலப்பதிகாரம். மாதவி ஆடிய பதினோராடலில் பேடிக்கூத்தும் ஒன்று. காமன் பேடி உருக்கொண்டு ஆடியதாக அதற்குக் கதை சொல்லப்படுகிறது. பாரதத்தில் அம்பை மறுபிறவியில் சிகண்டியாகிறாள். ஊர்வசியின் சாபம் பெற்ற அருச்சுனன் விராட நகரில் பிருகன்னளையாக ஓராண்டு மறைந்து வாழ்ந்து இளவரசிக்கு ஆடல் கற்பிக்கிறான். மழை வேண்டி விராட பருவம் படிப்பதும் ஆடுவதும் தமிழகச் சிற்றூர்களின் பழைய வழக்கம். வீரத்தின் உச்சியாகப் போற்றப்படுபவன் பேடியாக வாழ்ந்த பருவத்தையே ஊர் மழைக்கு நம்பியிருக்கிறது. இந்த உண்மைக்கு ஆய்வாளர்கள் இன்னும் உரிய இடம் தரவில்லை.

எல்லாவற்றிலும் மிகுதியாக ஆராயப்பட்டவன் அருச்சுனனின் மகன் அரவான். வடமொழிப் பாரதத்தில் அவன் போரில் இறக்கிறான். தமிழில் பெருந்தேவனாரும் பின்னர் வில்லிபுத்தூராரும் போர் வெற்றிக்காக அவன் தன்னையே தந்த களப்பலியைப் பாடினார்கள். சாகும் முன் அவன் மணம் கேட்டதும் கண்ணன் மோகினியாகி மணந்ததும் வில்லியில் இல்லை. அவை கூத்தும் வாய்மொழியும் காத்துவந்தவை. அரவானைக் கூத்தாண்டவராக வழிபடும் கூவாகம் கோயிலில் சித்திரைத் திருவிழாவின்போது திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து ஒப்பாரி வைப்பது இந்த வாய்மொழிப் பகுதியை நம்பித்தான். ஏட்டை மட்டும் மூலம் எனக் கொள்பவருக்கு இந்தத் திருமணமே அகப்படாது.

ஆய்வுப் போக்குகளில் ஆல்ஃப் ஹில்டபெய்டல் திரௌபதி வழிபாடு பற்றி 1988, 1991 ஆண்டுகளில் இரு தொகுதிகள் எழுதினார். ஏடு, கூத்து, சடங்கு மூன்றையும் சேர்த்துப் படித்தது அவருடைய பெருமை. ரூத் வனிதாவும் சலீம் கித்வாயும் 2000இல் வெளியிட்ட தொகுப்பு, இந்திய இலக்கியங்களில் ஒருபால் அன்பின் தடங்களைக் காலவரிசையில் திரட்டியது. வெண்டி டோனிகர் இந்தியக் கதைகளைக் கிரேக்கக் கதைகளோடு ஒப்பிட்டார். தேவ்தத் பட்நாயக் மறுகூறலாகப் பொதுவாசகரிடம் கொண்டுபோனார். வாசகரைப் பெருக்கியது அந்த வழிதான். ஆனால் எந்தப் பாடம் எந்த ஊருடையது என்ற வேறுபாடு அதில் எளிதில் கரைந்துவிடுகிறது.

இவர்களுக்குப் பின், பொருளாகப் பேசப்பட்டவர்களே எழுத வந்தார்கள். ஆ. ரேவதி திருநங்கைகளின் வாழ்க்கைக் கதைகளைத் திரட்டிய ‘உணர்வும் உருவமும்’ 2004இல் வெளிவந்தது. லிவிங் ஸ்மைல் வித்யா, பிரியா பாபு, கல்கி சுப்ரமணியம் ஆகியோர் தொடர்ந்தார்கள். அரவான் கதையைத் தம் வாழ்வுக்கு ஒரே விளக்கமாக வைத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையை இந்த எழுத்து உரக்கச் சொல்கிறது. மற்ற எல்லா வாசிப்பையும் உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் இல்லை.

நல்ல வாசிப்புக்குச் சில கண்டிப்புகள் உண்டு. எந்தப் பாடத்தில், எந்த ஊர்க் கூத்தில் அந்த நிகழ்ச்சி வருகிறது என்று முதலில் சொல்ல வேண்டும். கூத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டுவது தொழில்மரபு. அதை ஆடுபவரின் பாலடையாளமாகக் கொள்வது பிழை. கூவாகத்தில் நேர்த்திக்கடனாகத் தாலி கட்டிக்கொள்ளும் ஊர் ஆண்களும் உண்டு. அவர்கள் எல்லோரையும் இன்றைய ஒரே பெயருக்குள் அடைக்க முடியாது.

பெரிய எழுத்துக் கதைப் பாடல்கள் பக்கம் இந்த ஆய்வு போதிய அளவு போகவில்லை. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘அல்லி அரசாணி மாலை’யில், ஆணே வேண்டாம் என்று மதுரையை ஆண்ட அல்லியின் படுக்கையில் அருச்சுனன் பாம்பாக நுழைந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். காலகாலமாக இதைக் காதல் வெற்றியாகப் படித்திருக்கிறார்கள். அல்லியின் மறுப்பை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு படிக்கும்போது, விழித்தெழுந்து அவள் கொள்ளும் சினமே அந்த மாலையின் நடுப்பகுதியாகிறது.