கொழும்பு அறையும் எமது புனைகதையும்

ஓர் இலக்கியம் எந்த வாசலில் நின்று வாழ்வைப் பார்க்கின்றது என்பது திறனாய்வில் முதன்மையான வினா. ஈழத்துத் தமிழர் பலருக்குக் கொழும்பு அறிமுகமானது வாடகை அறையின் வாசலிலேயே. அவ்வறையை எமது புனைகதை முழுமையாகப் பார்த்ததா? இதனையே நாம் இங்கு ஆராய விழைகின்றோம்.

வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் உத்தியோகம் பெற்று வந்த இளைஞர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாலைந்து பேராகச் சேர்ந்து வீடெடுத்து வாழ்ந்தனர். அவ்வாழ்க்கையைச் 'சமறி' என்பர். வாடகையைப் பங்கிட்டனர்; சமையலுக்கு ஆள் அமர்த்தினர்; ஊரிலிருந்து புதிதாக வந்தவனுக்கு வேலை கிடைக்கும்வரை பாய் விரிக்க இடமளித்தனர். பொது நிறுவனங்கள் செய்திருக்கவேண்டிய உதவியை இளைஞர்கள் தமக்குத் தாமே செய்துகொண்டனர்.

இக்கூட்டுவாழ்வின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பாய் எல்லோருக்கும் விரிக்கப்பட்டதா? கடிதம் கொடுத்தனுப்ப மாமனோ ஊரவரோ இல்லாதவனுக்கும், சாதிப் படியிற் கீழே நிறுத்தப்பட்டவனுக்கும் அவ்வாசல் எளிதில் திறக்கவில்லை. அங்கு அடுப்பூதிய பையனும் ஓர் இளைஞனே; அவன் படுத்துறங்கியது குசினி மூலையில்.

எஸ். பொன்னுத்துரையின் 'சடங்கு' நாவலை இங்கு நோக்கலாம். அவர் முற்போக்கு அணியுடன் முரண்பட்டுப் பிரிந்தவர். எனினும் நூலை மதிப்பிட அது தடையாகாது. கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் எழுதுவினைஞன் ஒருவன், யாழ்ப்பாணத்து வீட்டிற்கு வந்தும் மனைவியோடு தனித்திருக்க வாய்ப்பின்றித் திரும்பிச் செல்வதே கதை. நகரத்து உத்தியோகம் ஒரு குடும்பத்தை எவ்வாறு பிளக்கின்றது என்பதை அது கூசாது காட்டுகின்றது. ஆயினும் நாவலின் கண் ஊரிலுள்ள வீட்டிலேயே நிலைக்கின்றது. கொழும்பு, அவன் திரும்பிச் செல்லவேண்டிய இடம் மாத்திரமே.

இக்குறை அவருக்கு மட்டும் உரியதன்று. வர்க்கத்தைப் பற்றி எழுதிய எம்மவரும், நாம் வாசித்த அளவில், ஆலைவாசலையும் வயலையும் எழுதிய அளவுக்குத் தாம் படுத்துறங்கிய அறையை எழுதவில்லை. அறை தற்காலிகமானது, வீடு ஊரில் இருக்கின்றது என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம் எனலாம்.

வரலாறு அந்நம்பிக்கையைத் தகர்த்தது. 1958 இலும் 1983 இலும் கொழும்புத் தமிழர் பலர் அகதி முகாம்களில் ஒதுங்கி, பின்னர் கப்பலேறி வடக்கே சென்றனர். அதன்பின் போர் ஊரையும் பறித்தது. வேலை தேடியும், மருத்துவத்திற்காகவும், வெளிநாட்டுப் பயணத்தை எதிர்பார்த்தும் வந்தவர்கள் லொட்ஜுகளில் நிறைந்தனர். 2007 யூன் 7 ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்கள் பொலிசாரால் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். தகுந்த காரணமின்றித் தங்கியிருந்தனர் என்பதே அவர்கள்மீது கூறப்பட்ட குற்றம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின்பேரில், மறுநாளே உயர் நீதிமன்றம் இவ்வெளியேற்றத்தை நிறுத்துமாறு இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்கவும் வருத்தம் தெரிவித்தார்.

தன் நாட்டின் தலைநகரில் ஏன் உறங்குகின்றாய் என்ற கேள்விக்கு ஓர் இளைஞன் காரணம் கூறவேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய கதைப்பொருள் எமக்கு வேறென்ன வேண்டும்?

இனவொடுக்குமுறையின் இக்கொடுமை தமிழருக்கே நேர்ந்தது. ஆயினும் அறையின் நெருக்கடி தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தபின், கிராமங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களும் சுற்றுப்புறங்களின் நெருக்கமான வாடகை அறைகளிலேயே வாழலாயினர். அவர்களது உழைப்பை வரவேற்ற நாடு, அவர்களது உறக்கத்திற்குரிய இடத்தைச் சந்தையிடம் விட்டுவிட்டது. இவ்விரு அறைகளையும் ஒருங்கே காணும் படைப்பாளியே யதார்த்தத்தின் முழுமையைத் தொடுவான்.

உழைக்கவும் கற்கவும் நகருக்கு வரும் இளையோருக்குக் கட்டுப்படியான வாடகையில், வழிகாட்டலும் பாதுகாப்பும் கொண்ட பொது விடுதிகள் வேண்டும். அவை உரிமையாக வேண்டும். இரக்கத்தால் விரிக்கப்படும் பாய், இரக்கம் தீருமிடத்துச் சுருட்டப்படும். இதனை உணர்த்தும் கதைகளை எழுதுவது எம் எழுத்தாளர்களின் கடன். அதனைக் குசினி மூலையிற் படுத்த பையனிலிருந்து தொடங்குவார்களாக.